ஓடிபி சொல்லாமலே கிரெடிட் கார்டில் பணம் போவது எப்படி, தடுப்பது எப்படி?

கேள்வி: "ஒன்றரை லட்சம் லிமிட் உள்ள கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். ஓடிபி யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அலுவலக நண்பர் ஒருவருக்கு நள்ளிரவில் டாலர் கணக்கில் பணம் போயிருக்கிறது. ஓடிபியே வரவில்லை என்கிறார். அது எப்படி நடக்கும்? முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்? போய்விட்டால் திரும்பக் கிடைக்குமா?"

ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு, இந்தியாவுக்குள் நடக்கும் இணைய வணிகத்துக்கு ரிசர்வ் வங்கி 2009-இல் கொண்டுவந்த கட்டாயம். வெளிநாட்டுக் கடையை அந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கச் சிவிவி எண் ஆகியவை இருந்தாலே பெரும்பாலும் போதும். சிவிவி கூடக் கேட்காத தளங்களும் உண்டு. உங்கள் நண்பருக்கு அநேகமாக நடந்தது இதுதான். அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து முதலில் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று போட்டுப் பார்ப்பார்கள். அது நிறைவேறினால் கார்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அடுத்த சில நிமிடங்களில் பெரிய தொகை போகும்.

எண் எப்படி வெளியே போனது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கார்டு எண்ணை ரகசியமாக நினைப்பதே தவறு. 16 இலக்கங்களில் முதல் ஆறு அல்லது எட்டு, வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அவை பொது. கடைசி இலக்கம், மற்ற பதினைந்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். நடுவில் மிஞ்சுவதை ஒரு சின்ன மென்பொருள் வரிசையாக உருவாக்கித் தள்ளிவிடும். ஐந்தாண்டுக் கார்டு என்றால் காலாவதி மாதம் 60-இல் ஒன்று. சிவிவி 1,000-இல் ஒன்று. ஆக, கார்டை நீங்கள் எங்குமே பயன்படுத்தாமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் எண் ஊகிக்கப்படலாம். ஓட்டலில் பில்லுக்குக் கொடுத்த கார்டைப் படம் பிடிப்பது, எங்கோ ஒரு வெளிநாட்டுத் தளத்தின் தரவு திருடு போவது எல்லாம் இதற்கு மேல்.

இதே காரணத்தால்தான், "சார், உங்க கார்டு நம்பர் இந்த ஆறு எண்ணில் ஆரம்பிக்குது, சரியா?" என்று போனில் ஒருவர் கேட்டவுடன் வங்கிக்காரர்தான் என்று நம்பிவிடக் கூடாது. அந்த ஆறு எண்களை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாலும் சரியாகவே இருக்கலாம்.

எண்ணைக் காப்பதைவிட, எண் தெரிந்தவனுக்கும் பயன்படாதபடி வழிகளை மூடி வைப்பதுதான் வேலைக்கு ஆகும். அதற்கான வசதி உங்கள் வங்கி ஆப்பிலேயே இருக்கிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி உள்நாடு, வெளிநாடு, இணையம், ஸ்வைப் மெஷின், ஏடிஎம், தட்டிச் செலுத்துவது ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் எல்லா வங்கிகளும் வசதி தர வேண்டும். புதிய கார்டு வரும்போது உள்நாட்டு ஏடிஎம்மும் ஸ்வைப் மெஷினும் மட்டும்தான் திறந்திருக்கும். மற்றவற்றை நாமே திறக்கிறோம். எப்போதோ ஒரு விமான டிக்கெட்டுக்காகத் திறந்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது.

இப்போதே ஆப்பைத் திறந்து, கார்டு அமைப்புகளுக்குப் போய், வெளிநாட்டுப் பரிவர்த்தனை முழுவதையும் மூடுங்கள். இணையம், கடை, ஏடிஎம் என்று வெளிநாட்டுக்குள்ளும் மூன்று பொத்தான்கள் இருக்கும், மூன்றையும் பாருங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டாலே நண்பருக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. ஒரு தொல்லை உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கட்டும் மாதச் சந்தாக்கள் நின்றுபோகும். விலையை ரூபாயில் காட்டினாலும், பணம் வெளிநாட்டு வங்கி வழியாக வசூலானால் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான். "இந்தியத் தளம்தானே, ஏன் நிராகரிக்கிறது" என்று குழம்புவது இதனால்தான். அப்படிப்பட்ட சந்தா இருந்தால், அதற்கென்று 10,000 அல்லது 20,000 ரூபாய் லிமிட்டில் தனிக் கார்டு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. லிமிட்டைக் குறைக்கச் சொன்னால் வங்கி குறைத்துத் தரும்.

அடுத்து உள்நாட்டு இணையச் செலவின் வரம்பு. கார்டின் மொத்த லிமிட் ஒன்றரை லட்சமாக இருக்கட்டும். இணைய வரம்பை 5,000 அல்லது 10,000-க்கு இறக்கி வையுங்கள். ஃபிரிட்ஜ் வாங்கும் அன்று ஏற்றிக்கொண்டு, வாங்கியதும் இறக்கிவிடலாம். கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பதைச் சுத்தமாக மூடிவிடுங்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் பணம் அது, எப்படியும் எடுக்கக் கூடாது. தட்டிச் செலுத்துவதில் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது. தொலைந்த கார்டு கையில் கிடைத்தவன் அதைத்தான் பயன்படுத்துவான். தட்டும் பழக்கம் இல்லை என்றால் அதையும் மூடலாம். பழக்கம் இருந்தால் அதற்கும் வரம்பு குறைத்து வையுங்கள்.

இந்தியத் தளங்களில் கார்டைச் சேமித்து வைப்பது பற்றிப் பலருக்குப் பயம். 2022 அக்டோபர் முதல் இங்குள்ள கடைகளும் பேமென்ட் நிறுவனங்களும் உங்கள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான் அவர்களிடம் இருக்கும். அது அந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கும் செல்லாது. எனவே நம்பகமான இந்தியத் தளத்தில் டோக்கனாக்கிச் சேமிப்பது, ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டச்சு செய்வதைவிடப் பாதுகாப்பானது. வெளிநாட்டுத் தளங்களுக்கு இந்த விதி கிடையாது.

இனி ஓடிபி விஷயம். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இப்போது ஓடிபியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நீங்களே தட்டச்சு செய்யும்படி வைக்கிறார்கள். மின்கட்டணம் பாக்கி, கூரியர் முகவரி தவறு, ரிவார்டு பாயின்ட் இன்று இரவோடு காலாவதி என்று ஒரு செய்தி. இணைப்பைத் திறந்தால் 5 ரூபாய் கட்டச் சொல்லும் பக்கம். கார்டு விவரம் கொடுத்ததும் ஓடிபி வரும், நீங்களும் போடுவீர்கள். வந்த எஸ்எம்எஸ்ஸில் 49,000 ரூபாய் என்றும், சம்பந்தமில்லாத ஒரு கடையின் பெயரும் இருந்திருக்கும். கண் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்திருக்கும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் தொகை எவ்வளவு, யாருக்குப் போகிறது என்ற இரண்டையும் படித்த பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். போனே எஸ்எம்எஸ்ஸிலிருந்து எண்ணை எடுத்து நிரப்பிவிடும் வசதி இந்த இடத்தில் கெடுதல்தான்.

தொகையே இல்லாமல், "உங்கள் கார்டை ஒரு சாதனத்தில் சேர்க்க" என்றோ "டோக்கன் உருவாக்க" என்றோ ஒரு ஓடிபி வரலாம். இது இன்னும் ஆபத்து. அதைக் கொடுத்தால் கார்டு இன்னொருவர் போனில் ஏறிவிடும். பிறகு அவர் கடை கடையாகத் தட்டிக்கொண்டு போகலாம். தவணைதோறும் தானாகப் பணம் பிடிக்க அனுமதிக்கும் ஈ-மேன்டேட் பதிவுக்கான ஓடிபியும் இதே ரகம். ஒருமுறை பதிவாகிவிட்டால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தவணைக்கும் ஓடிபி கேட்காது. பிடித்தம் நடக்க 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பிலேயே ரத்து செய்யும் வழியும் இருக்கும். ஆப்பில் மேன்டேட் பட்டியலை அவ்வப்போது பார்த்து, தெரியாததை நீக்குங்கள்.

நீங்கள் எதுவும் வாங்காமலே ஓடிபி வந்தால் அலட்சியம் வேண்டாம். கார்டு எண், காலாவதி, ஒருவேளை சிவிவியும் யாரிடமோ போய்ச் சேர்ந்துவிட்டது; ஓடிபி ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. அடுத்து அவர் முயல்வது ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளமாக இருக்கும். அன்றே கார்டை நிரந்தரமாக முடக்கிப் புதிய எண்ணில் மாற்றுக் கார்டு கேளுங்கள்.

இணைப்பைவிடக் கெட்டது ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு. போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி, திருமண அழைப்பிதழ் என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போனில் இது ஏற்கெனவே புகுந்திருக்கும். நிறுவியதும் அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்கும். கொடுத்தால் உங்கள் ஓடிபி நேராக அவர்களுக்குப் போகும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் "அன்னோன் ஆப்ஸ்" நிறுவும் அனுமதி என்ற பகுதிக்குப் போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அதை நிறுத்திவிடுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனிலும் செய்யுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் ஏரோபிளேன் மோட். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். ஐகானை மறைத்துக்கொள்ளும் ஆப்கள் இவை, தேடி நீக்குவதில் முழு நம்பிக்கை வைக்க முடியாது. படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதே சரி. பிறகு *#21# அழுத்தி உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ##002# எல்லாத் திருப்பங்களையும் நீக்கும்.

போன் அழைப்புகளைப் பொறுத்தவரை, வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "கார்டு பிரிவு" பேசினால் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடலாம். வங்கித் தளங்கள் இப்போது டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாறியிருக்கின்றன. பெயர் அப்படி முடிகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடவே வேண்டாம். போலி எண்களை மேலே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்தான் எண். கார்டு தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும், எனவே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அழைப்பில் இருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்து, "அதையும் சேருங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள். அந்த இரண்டாவது அழைப்பு ஓடிபியைக் குரலில் சொல்லும் வங்கியின் தானியங்கி அழைப்பாக இருக்கலாம். ஸ்கிரீனைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலும் அப்படியே. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: பணம் பெறுவதற்கு எந்தக் காலத்திலும் யூபிஐ பின் தேவையில்லை.

கடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மெஷினை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், கார்டைக் கைவிடாதீர்கள், பின் போடும்போது மறு கையால் மறையுங்கள். சிவிவியை மனப்பாடம் செய்துகொண்டு கார்டில் அழியாத மார்க்கரால் அடித்துவிடலாம். வேறு வங்கியில் விண்ணப்பிக்கக் கார்டு நகல் கேட்டால் நடு இலக்கங்களை மறைத்துக் கொடுங்கள். பின்பக்கத்தைக் கொடுக்கவே கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு போய்விட்டது என்றால், அடுத்த ஒரு மணி நேரம் முக்கியம். திருடியவர் அந்தப் பணத்தைப் பரிசுக் கூப்பனாகவோ வாலட் இருப்பாகவோ மாற்றிவிட்டால் பின்தொடர்வது கடினம். முதலில் ஆப்பில் கார்டைப் பூட்டுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது, அது தற்காலிகப் பூட்டு. வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து நிரந்தரமாக முடக்கி, "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று புகார் பதியச் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். அடுத்த அழைப்பு 1930. மத்திய உள்துறையின் இந்த உதவி எண்ணில் சொன்னால் தகவல் வங்கிகளுக்கும் வாலட் நிறுவனங்களுக்கும் உடனே போகும். பணம் இன்னும் வெளியேறாமல் இருந்தால் நிறுத்திவைக்க முடியும். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமைப்படுத்தி ஒப்புகையை எடுத்து வையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் கடையின் பெயர் தெரிந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே எழுதுங்கள். பொருள் இன்னும் அனுப்பப்படாமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் நேரில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது கேட்டு வாங்குங்கள். வங்கி பிறகு கேட்கும்.

அன்றைக்கே வங்கிக்கு மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: கார்டின் கடைசி நான்கு இலக்கம், பரிவர்த்தனை நேரம், தொகை, கடைப் பெயர், எஸ்எம்எஸ் வந்த நேரம், நீங்கள் அழைத்த நேரம், புகார் எண். ஓடிபி வந்ததா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மொத்த வழக்கும் அதில்தான் நிற்கிறது. ஓடிபி இல்லாமல் வெளிநாட்டுக் கடை பணம் எடுத்திருந்தால் பொறுப்பு பெரும்பாலும் அந்தக் கடையின் பக்கம். வங்கி சார்ஜ்பேக் போட்டு, அதாவது கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு, திரும்பப் பெறும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் மோசடிக்கான சார்ஜ்பேக்குக்குப் பொதுவாக 120 நாள் கெடு. ஓடிபி சரியாகப் போடப்பட்டிருந்தால் கடை தப்பித்துக்கொள்ளும். வங்கி "உங்கள் அலட்சியம்" என்று சொல்லத் தொடங்கும்.

இங்கே 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைத் தெரிந்துவைத்திருப்பது உதவும். தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் உங்களுக்கு இழப்பு இல்லை. தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, இடையில் எங்கோ என்றால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட லிமிட்டுக்கு 25,000 ரூபாய் உங்கள் தலையில். ஏழு நாளும் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது, விடுமுறைகளும் சேராது. வெள்ளி இரவு எஸ்எம்எஸ் வந்து மறுநாள் இரண்டாவது சனி என்றால், திங்கள்தான் முதல் நாள்.

ஓடிபி, பின் முதலியவற்றை நீங்களே கொடுத்திருந்தால் புகார் சொல்லும் வரை ஆன இழப்பு உங்களுடையது. சொன்ன பிறகு நடப்பது முழுவதும் வங்கியுடையது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த ஒரு நாள் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். இன்னொன்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது, வங்கிக் கிளைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கி. "ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது" என்ற ஒற்றை வரியோடு புகாரை மூடினால், எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் ஏபிகே புகுந்து ஓடிபியை எடுத்திருந்தால் அதை 1930 புகாரிலும் வங்கிப் புகாரிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

புகார் வந்து 10 வேலை நாளுக்குள், இறுதி முடிவுக்குக் காத்திராமல், வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும்; 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, புகார் தீரும் வரை கட்டணம் போடக் கூடாது என்று 2022 கிரெடிட் கார்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. இதை நம்பிக்கொண்டு முழு பில்லையும் கட்டாமல் விடுவது பெரிய தவறு. உங்களுடைய உண்மையான செலவைக் கெடு தேதிக்குள் கட்டிவிட்டு, மோசடித் தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்தச் செலவுக்கும் சேர்த்து வட்டி ஏறும், சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448.

கார்டே உங்களுடையதாக இல்லாத மோசடியும் இருக்கிறது. உங்கள் பான், ஆதார் நகலை வைத்து வேறு யாரோ கார்டு வாங்கிவிடுவது. இதற்கு ஓடிபி, வரம்பு எதுவும் உதவாது. கிரெடிட் ரிப்போர்ட்டில்தான் தெரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று சுற்றிவந்தால் ஆண்டு முழுவதும் கண்காணிப்பு ஆகிவிடும். நீங்கள் கேட்காத கார்டு வந்து பில்லும் வந்தால், வங்கி அதைத் திருப்பித் தருவதோடு அந்தத் தொகையைப் போல இருமடங்கு அபராதமும் தர வேண்டும் என்பது 2022 வழிகாட்டுதல்.

கார்டு மோசடிக்கு என்று போனில் விற்கும் "பாதுகாப்புத் திட்டங்கள்" எனக்கு அவசியமாகப் படவில்லை. மேலே சொன்ன பொறுப்பு விதிகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. புகார் கொடுத்து ஒரு வாரத்தில், "சைபர் போலீஸ் பேசுறோம், உங்க பணத்தை மீட்டுட்டோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று அழைப்பு வந்தால் அதையும் 1930-இல் புதிய புகாராகவே பதியுங்கள்.